பாஸ் விழும்போது ஹெட்லைட் மங்குகிறதா? வயர், கெபாசிட்டர், பேட்டரி, டைனமோ: எதற்குச் செலவு செய்வது

காரில் ஆம்பும் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) ஊஃபரும் (பாஸ் எனும் அடித்தாள ஒலியைத் தரும் பெரிய ஸ்பீக்கர்) மாட்டியவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி இதுதான்: "ராத்திரியில் தவளக்குப்பம் தாண்டி வரும்போது ஒவ்வொரு பாஸுக்கும் ஹெட்லைட் மங்கி மங்கி எரிகிறது. எதை மாற்றுவது?" புதுச்சேரியிலோ கடலூரிலோ நாலு கடை ஏறி இறங்கினால் நாலு பதில் கிடைக்கும். ஆக்சசரீஸ் கடையில் கெபாசிட்டர் என்பார்கள். பேட்டரி கடையில் பெரிய பேட்டரி என்பார்கள். ஆட்டோ எலக்ட்ரீஷியன் டைனமோவை (இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர்) கழற்றி ரீவைண்டிங் செய்துவிடலாம், அதாவது உள்ளே கம்பியை மாற்றிச் சுற்றிவிடலாம் என்பார். யூடியூப் பார்த்த நண்பர் லித்தியம் என்பார். நாலு பேர் சொல்வதும் ஏதோ ஒரு வண்டிக்குச் சரியாகத்தான் இருக்கும். அது உங்கள் வண்டியா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே பேசுவது 400 முதல் 1500 வாட் ஆர்.எம்.எஸ். (ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய வாட்) வரையிலான செட்டப் பற்றி. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 4000 வாட், 5000 வாட் கணக்கையெல்லாம் மறந்துவிடுங்கள். அட்டையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஆர்.எம்.எஸ். என்று ஒரு எண் இருக்கும், அதுதான் எண். அந்த எண்ணே போடாத ஆம்பாக இருந்தால், அதன் பியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 30 ஆம்பியர் பியூஸ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 2000 வாட் தருவேன் என்று சொல்லும் ஆம்ப் எதையும் தரப்போவதில்லை.

எதை வைத்து முடிவு செய்வது

பாட்டு ஓடும்போது இன்ஜின் ஓடுகிறதா? இதுதான் முதல் கேள்வி. ஈ.சி.ஆரில் சென்னை வரை ஓட்டிக்கொண்டே கேட்பவருக்கும், சில்வர் பீச் ஓரம் வண்டியை நிறுத்தி டிக்கியைத் திறந்துவைத்துக் கேட்பவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

ஓடுகிறது என்றால், எந்த வேகத்தில்? சனி ஞாயிறுகளில் இந்திரா காந்தி சதுக்கத்திலும் ராஜீவ் காந்தி சதுக்கத்திலும் ஊர்ந்து போகும் வண்டியின் இன்ஜின் பெரும்பாலும் ஐடிலிங்கில்தான், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காத மெதுவான ஓட்டத்தில்தான் இருக்கும். ஹைவேயில் அதே டைனமோ தரும் கரண்டில் ஏறத்தாழ பாதிதான் அப்போது கிடைக்கும்.

அடுத்தது வண்டியின் வகை. பழைய வண்டிகளில் டைனமோ எப்போதும் 14 வோல்ட்டை ஒட்டியே கொடுத்துக்கொண்டிருக்கும். அண்மைக் கால வண்டிகள் பலவற்றில் எத்தனை வோல்ட் கொடுக்க வேண்டும் என்பதை ஈ.சி.யூ. என்ற வண்டியின் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. இந்த இரண்டு வகைக்கும் வழிகள் வேறு.

அப்புறம் நம் ஊர். கத்திரி வெயிலில் பானட்டுக்கு அடியில் வேகும் பேட்டரி, உப்புக் காற்றில் பூத்துப்போகும் டெர்மினல், மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் தெரு. குளிர்நாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களில் இதெல்லாம் வராது. கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கிவந்த பொருளுக்கு வாரண்டி கேட்க மறுபடி அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

ஒரு வரவு செலவுக் கணக்கு

டைனமோ சம்பளம், பேட்டரி சேமிப்பு, கெபாசிட்டர் சட்டைப் பைச் சில்லறை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாமே எளிது.

1000 வாட் ஆர்.எம்.எஸ். ஆம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிளாஸ் டி வகை என்றால் உள்ளே போகும் மின்சாரத்தில் 80 சதவீதம் போல ஒலியாக வெளியே வரும். அதாவது 1000 வாட் தர 1250 வாட் வாங்கும். 13.8 வோல்ட்டில் அது 90 ஆம்பியர். பழைய கிளாஸ் ஏபி வகை என்றால் 60 சதவீதம்தான், 120 ஆம்பியர் இழுக்கும். இது உச்சக் கணக்கு. பாட்டு எந்நேரமும் உச்சத்தில் இருப்பதில்லை. சாதாரணமாகக் கேட்கும்போது சராசரி அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும், சுமார் 30 ஆம்பியர். கானா, குத்து என்று பாஸ் விடாமல் விழும் பாட்டாக இருந்தால் பாதியை எட்டலாம்.

வரவு எவ்வளவு? சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றில் 75 ஆம்பியர் டைனமோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்ஜின் சூடாகி ஐடிலிங்கில் நிற்கும்போது அதிலிருந்து 40 கிடைத்தால் பெரிய விஷயம். செலவைப் பாருங்கள்: ஹாலஜன் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 8 ஆம்பியர், ரேடியேட்டர் ஃபேன் ஓடினால் 10க்கு மேல், ஏ.சி. புளோயர் முழு வேகத்தில் இன்னொரு 10, பெட்ரோல் பம்ப், இக்னிஷன், ஈ.சி.யூ., கம்ப்ரசர் கிளட்ச் எல்லாம் சேர்ந்து இன்னும் பத்துப் பன்னிரண்டு. ஆம்பை ஆன் செய்வதற்கு முன்பே சம்பளம் தீர்ந்துவிட்டது. சிக்னலில் நிற்கும்போது நீங்கள் கேட்கும் பாஸ் முழுக்க சேமிப்பிலிருந்துதான் போகிறது. ரோடு காலியாகி இன்ஜின் 2000 ஆர்.பி.எம்.முக்கு வந்தால் 65, 70 ஆம்பியர் வரும். அப்போது ஆம்புக்கு 25 முதல் 30 மிஞ்சும். மேலே சொன்ன சராசரிக்கு அது ஓரளவு சரியாகப் போகும்.

கடைகளில் சொல்லாத ஒரு விஷயமும் இருக்கிறது. வோல்ட்டேஜ் 14.2லிருந்து 12.6க்கு இறங்கினால், சாதாரண ஆம்பின் வாட் ஐந்தில் ஒரு பங்கு குறையும். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் காதுக்கு அது வெறும் 1 டெசிபல். பெரும்பாலானோருக்கு வித்தியாசமே தெரியாது. அதே இறக்கத்தில் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும், ஏனென்றால் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜைவிடப் பல மடங்கு வேகமாக விழக்கூடியது. ஆக, லைட் மினுக்குகிறது என்பதற்காகப் பாட்டு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. காது கண்டுகொள்ளாததைக் கண் காட்டிக்கொடுக்கிறது. லைட் லேசாக மினுக்குவது மட்டுமே உங்கள் குறை என்றால் பெரிய செலவுக்கு அவசரமே இல்லை. ஊஃபர் கரகரக்கிறது, ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்துவிடுகிறது, காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் அது வேறு கதை.

காசு எடுக்கும் முன் மீட்டரை எடுங்கள்

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் மினிமம்/மேக்ஸிமம் பட்டன் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பாஸ் விழும் அந்தக் கணத்து இறக்கத்தைச் சாதாரண மீட்டர் சராசரியாக்கி மறைத்துவிடும்.

இன்ஜினைச் சூடாக்கி, ஏ.சி.யையும் ஹெட்லைட்டையும் போட்டு, வழக்கமாகக் கேட்கும் வால்யூமில் பாட்டை விடுங்கள். முதலில் பேட்டரியின் இரண்டு முனையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் பின்னால் போய், ஆம்பின் பிளஸ், மைனஸ் ஸ்க்ரூவிலேயே மீட்டர் முனையை வைத்து அளங்கள். பேட்டரியில் 13.7 இருந்து ஆம்பில் 12.6 வந்தால் குற்றவாளி வயரும் எர்த்தும் (மைனஸை வண்டியின் பாடியோடு இணைக்கும் இடம்) தான். டைனமோவைத் தொடவே வேண்டாம். இரண்டு இடத்திலும் 12.3, 12.4 என்று இருந்தால் ஒருவரை ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கச் சொல்லுங்கள். 2000 ஆர்.பி.எம்.மில் 13.8க்கு ஏறிவிட்டால் பிரச்சினை ஐடிலிங்கில் மட்டும்தான். அப்போதும் ஏறவில்லை என்றால் டைனமோ சின்னது, அல்லது பெல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது டைனமோவுக்குள் டயோடு ஒன்று போயிருக்கிறது. பெல்ட்டையும் டயோடையும் எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் பார்த்துவிடுவார்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் அளந்தால் நல்ல பேட்டரி 12.6 காட்டும். 12.2 என்றால் பாதி காலி. நாலு வயது பேட்டரியை வைத்துக்கொண்டு டைனமோவைப் பற்றி யோசிப்பதில் அர்த்தம் இல்லை.

ஆம்பின் கெயினையும் (உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்பதற்கான திருகு) ஒருமுறை பாருங்கள். அதை வால்யூம் என்று நினைத்துக் கடைசிவரை திருகிவைத்திருப்பவர்கள் அதிகம். கெயின் கூடிப்போனால் ஒலி அலையின் முனை வெட்டுப்படும், கரண்டும் வீணாகும், ஊஃபருக்குள் இருக்கும் கம்பிச் சுருளும் சூடாகும். திருகைக் கொஞ்சம் பின்னால் கொண்டுவந்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்துபோகும் வண்டிகள் உண்டு, பைசா செலவில்லாமல்.

வயர் மாற்றம்

மூன்று வயர்களைச் சொல்கிறேன்: டைனமோ பிளஸ்ஸிலிருந்து பேட்டரி பிளஸ்ஸுக்கு, பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு, இன்ஜின் பிளாக்கிலிருந்து பாடிக்கு. கம்பெனி போட்ட வயரைக் கழற்ற வேண்டாம், அதோடு சேர்த்து இணையாகத் தடித்த வயர் ஒன்று ஓட்டினால் போதும். நான்காவதாக, பேட்டரியிலிருந்து ஆம்புக்குப் போகும் வயர்.

கணக்கைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து டிக்கிக்கு 5 மீட்டர், உச்சத்தில் 90 ஆம்பியர். கிட் பெட்டியில் வரும் 8 கேஜ் வயர் (சுமார் 8 சதுர மி.மீ.) உண்மையிலேயே செம்பாக இருந்தால்கூட 0.9 வோல்ட்டை விழுங்கிவிடும். 25 சதுர மி.மீ. செம்பு 0.3தான் விழுங்கும், 35 சதுர மி.மீ. என்றால் 0.2. அதாவது வயரை மாற்றினாலே முக்கால் வோல்ட் வரை திரும்பக் கிடைக்கும். இந்த விலைக்கு இவ்வளவு வோல்ட் வேறு எந்த வழியிலும் கிடைக்காது.

ஏமாறும் இடமும் இதுதான். மலிவான கிட்களில் வருவது சி.சி.ஏ., அதாவது அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம். நல்ல செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் அது கடத்தும். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். உள்நாட்டில் எங்கோ ஓடும் வண்டிக்கு இது வெறும் நஷ்டம். கடலூர் முதுநகர், வைத்திக்குப்பம் மாதிரி கடலை ஒட்டி நிற்கும் வண்டிக்கு ஆபத்து. அலுமினியமும் செம்பும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அரிக்கத் தொடங்கிவிடும். ஒரு மழைக்காலம் தாண்டி லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) கழற்றினால் வெட்டுவாயில் வெள்ளை மாவு பூத்திருக்கும், கையால் நிமிண்டினால் இழை இழையாக ஒடியும். அங்கே தடை கூடி, சூடு கூடி, பிளாஸ்டிக் உருகும்.

கார் ஆடியோ என்று பெயர் போட்ட வயர்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும் வெல்டிங் கேபிள், 25 அல்லது 35 சதுர மி.மீ., ரப்பர் உறை, நெகிழ்வானது, இந்த வேலைக்கு அருமையாகப் பொருந்தும். அலுமினிய வெல்டிங் கேபிளும் விற்கிறார்கள், செம்பு என்று கேட்டு, சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். வெள்ளீயம் பூசிய செம்பு லக், ஹைட்ராலிக் கிரிம்பிங் (லக்கை வயரோடு அழுத்தி இறுக்குவது), பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கும் உறை) மூன்றும் வேண்டும். சுத்தியலால் தட்டி லக் நசுக்கும் கடையில் வேலை கொடுக்காதீர்கள். பேனல் போர்டு வேலை செய்பவர்களிடம் கிரிம்பிங் டூல் இருக்கும், லக்கும் வயரும் கொடுத்தால் சில நிமிட வேலை. எர்த் போடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டில் போல்ட் போட்டு, இறுக்கிய பிறகு மேலே பெயின்ட்டோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவிவிட வேண்டும். சுரண்டியதை அப்படியே விட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

பியூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். 25 சதுர மி.மீ. வயருக்கு 100 ஆம்பியர், 35க்கு 150. இந்த பியூஸ் காப்பது ஆம்பை இல்லை, வயரை. இடித்துக்கொண்டாலோ உறை தேய்ந்து பாடியில் பட்டாலோ வண்டி எரியாமல் இருப்பது அதனால்தான். டைனமோவிலிருந்து ஓட்டும் புது வயருக்கும் தனி பியூஸ் வேண்டும்.

யாருக்கு ஏற்றது? எல்லோருக்கும். 500 வாட்டுக்குக் கீழே இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

கெபாசிட்டர்

நீல விளக்கு எரிந்து, வோல்ட்டேஜ் எண் காட்டும், பார்க்க அழகாக இருக்கும். 1 ஃபாரட் கெபாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்கும்போது தரக்கூடிய ஆற்றல் 26 ஜூல். நம் 1000 வாட் ஆம்ப் உச்சத்தில் வாங்குவது விநாடிக்கு 1250 ஜூல். ஆக, 21 மில்லி விநாடியில் காலி. 50 ஹெர்ட்ஸ் பாஸ் ஒரு முறை அதிர 20 மில்லி விநாடி ஆகும். ஒரு அதிர்வுக்குத் தாக்குப்பிடிக்கும் பொருளை வைத்துக்கொண்டு ஒரு பாட்டை எப்படி ஓட்டுவது? காலியானதை மறுபடி நிரப்புவதும் அதே டைனமோதான்.

வயரெல்லாம் சரியாக இருந்து, 300, 400 வாட் ஆம்பில் லைட் லேசாக மினுக்குவது மட்டும் உறுத்துகிறது என்றால் போடலாம். ஆறு 2.7 வோல்ட் சூப்பர் கெபாசிட்டர் செல்களைத் தொடராக இணைத்த பேங்க் வேறு ரகம். 500 ஃபாரட் செல் ஆறு சேர்ந்தால் 83 ஃபாரட், அதே ஆம்பை ஒன்றரை விநாடிக்கு மேல் தாங்கும். ஆனால் அந்த விலைக்குக் கிட்டத்தட்ட ஒரு பேட்டரியே வந்துவிடும். எந்த கெபாசிட்டரையும் முதல்முறை இணைக்கும்போது ரெசிஸ்டர் வழியாகச் சார்ஜ் ஏற்றித்தான் இணைக்க வேண்டும், நேராகத் தொட்டால் பொறி பறக்கும்.

பானட்டுக்குள் பெரிய பேட்டரி

சின்ன பெட்ரோல் கார்களில் 35 ஆம்பியர் அவர் பேட்டரி சாதாரணம். அதை எடுத்துவிட்டு, தட்டில் உட்காரும் அளவில் கொஞ்சம் பெரியதோ ஏ.ஜி.எம். வகையோ (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்த, மூடிய பேட்டரி) போடுவது இந்த வழி. ஏ.ஜி.எம்.மின் உள்தடை குறைவு, திடீர் இழுப்புக்கு வோல்ட்டேஜ் அவ்வளவாக விழாது. விலை சாதாரண பேட்டரியைப் போல இரண்டு மடங்கு வரை போகும்.

எதிர்பார்ப்பில் ஒரு திருத்தம் வேண்டும். பேட்டரி 12.8 வோல்ட்டுக்கு மேல் எதையும் தராது. அதனால் டைனமோ திணறும்போது வோல்ட்டேஜ் 14லிருந்து 12.6, 12.7 வரை இறங்கித்தான் தீரும், அதற்குக் கீழே விழாமல் பேட்டரி பிடித்துக்கொள்ளும். எவ்வளவு பெரிய பேட்டரி போட்டாலும் ஹாலஜன் லைட் மினுக்குவது முழுக்க நிற்காததற்கு இதுதான் காரணம். புது பேட்டரிக்குப் பிறகும் மினுக்குகிறதே என்று பேட்டரி கடைக்காரரோடு சண்டை போடுவதில் பயனில்லை.

நம் வெயில் இங்கே பெரிய செலவு. லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் சூடு 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ பாதியாகும், ஏ.ஜி.எம்.முக்கும் இதில் விதிவிலக்கு இல்லை. சாதாரண பேட்டரியில் தண்ணீர் வற்றினால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றலாம், ஏ.ஜி.எம்.மில் அதற்கும் வழியில்லை. பழைய டைனமோக்கள் சூட்டில் 13.6, 13.7தான் தரும், ஏ.ஜி.எம். முழுசாக ஏற 14.4க்கு மேல் வேண்டும். என் கணிப்பில், பழைய பேட்டரி ஆயுள் முடிந்து எப்படியும் மாற்ற வேண்டிய நேரத்தில் மட்டும் இதை யோசிக்கலாம். நன்றாக இருக்கும் பேட்டரியை எடுத்துவிட்டுச் செய்யும் வேலை இல்லை.

டிக்கியில் இரண்டாவது பேட்டரி

நிறுத்திவைத்துக் கேட்பவர்களுக்கான வழி. 35 ஆம்பியர் அவர் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் செல்ஃப் எடுக்காது, பேட்டரியும் சீக்கிரம் சாகும். மிஞ்சும் 17ஐச் சராசரி 30 ஆம்பியரில் இழுத்தால் அரை மணி நேரம். இரவு சில்வர் பீச்சில் ஜம்பர் கேபிள் தேடி அலைபவர்கள் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்தான். பின்னால் 65 ஆம்பியர் அவர் ஒன்றை வைத்து, ஆம்பை அதில் இணைத்து, நடுவில் ஐசலேட்டர் ரிலே போட்டால், ஒரு மணி நேரம் கேட்கலாம், முன் பேட்டரி தொடப்படாமல் இருக்கும். இன்ஜின் ஓடி வோல்ட்டேஜ் 13.3 போல ஏறியதும் ரிலே இரண்டையும் இணைக்கும், 12.8க்கு இறங்கியதும் பிரிக்கும்.

செலவு பேட்டரியோடு நிற்காது. ஐசலேட்டர், இரு முனையிலும் பியூஸ், பேட்டரி நகராமல் பிடிக்கும் இரும்புத் தட்டு, பதினைந்து இருபது கிலோ எடை, டிக்கி இடம். ஹேட்ச்பேக்கில் டிக்கி என்பது உட்காரும் அறையின் தொடர்ச்சி, அங்கே சாதாரண திரவ பேட்டரி வைக்கவே கூடாது, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். ஏ.ஜி.எம். மட்டும்தான். தண்ணீர் ஏறும் தெருவில் இருப்பவர்கள் இடத்தையும் யோசிக்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது தெருவெல்லாம் ஏரியானதை மறந்திருக்க மாட்டோம். சீட்டுக்கு அடியில் ஆம்பும் ஸ்டெப்னி குழியில் பேட்டரியும் வைத்தால் முதலில் மூழ்குவது அவைதான். டிக்கியின் பக்கச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாணாவது மேலே பொருத்துங்கள்.

ஓடும்போது கேட்பவருக்கு இது எதையும் தீர்க்காது. அதே சம்பளத்தில் இன்னொரு வாயைச் சேர்ப்பதுதான் நடக்கும். மாதம் ஒருமுறை பீச்சில் கேட்க மட்டும் என்றால், சார்ஜ் போட்டு எடுத்துப்போகும் பார்ட்டி ஸ்பீக்கர் ஒன்று வாங்குவது இதைவிட மலிவு. யாரும் இந்த யோசனையை விரும்புவதில்லை என்பது வேறு விஷயம்.

பெரிய டைனமோ

வரவையே கூட்டும் வழி இது ஒன்றுதான். 1000 வாட்டுக்கு மேல் தினமும் ஓட்டிக்கொண்டே கேட்பவருக்குக் கடைசியில் வந்து சேர வேண்டிய இடமும் இதுவே. ஆனால் தவறாகச் செய்ய நிறைய வாய்ப்புள்ள வேலை.

மூன்று விதமாகச் செய்கிறார்கள். ஒன்று, இருக்கும் டைனமோவை ரீவைண்டிங் செய்வது. சுற்று எண்ணிக்கையைக் குறைத்துத் தடித்த கம்பி சுற்றினால் உச்சக் கரண்ட் கூடும், ஆனால் குறைந்த வேகத்தில் கிடைப்பது முன்னைவிடக் குறையும். பெஞ்சில் வேகமாகச் சுற்றி 110 ஆம்பியர் காட்டுவார்கள், மறைமலை அடிகள் சாலையில் ஊரும்போது பழையதைவிட மோசமாக இருக்கும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை ஆம்பியர்?" என்பதில்லை, "ஐடிலிங்கில், சூடான பிறகு எத்தனை?" என்பதுதான். அதற்குப் பதில் தெரியாதவரிடம் டைனமோவைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, அதே குடும்பத்தில் பெரிய இன்ஜின் அல்லது டீசல் வண்டியின் டைனமோவைப் பொருத்துவது. உதிரிபாகம் உள்ளூரில் கிடைக்கும் என்பது பெரிய வசதி. ஆனால் பிராக்கெட், புல்லி வரிசை, கனெக்டர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சில டீசல் டைனமோக்களின் பின்னால் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் சேர்ந்தே இருக்கும், அது பெட்ரோல் வண்டிக்கு ஆகாது. டீசல் இன்ஜின் மெதுவாகச் சுற்றும் என்பதால் புல்லி அளவும் வேறாக இருக்கும். மூன்றாவது, வெளியிலிருந்து வரவழைக்கும் ஹை அவுட்புட் டைனமோ. நம் சந்தை வண்டிகளுக்கு நேராகப் பொருந்துவது குறைவு, கெட்டால் உதிரிபாகமும் இல்லை.

எந்த விதமானாலும் இன்ஜின்தான் சுற்ற வேண்டும். கூடுதலாக 1000 வாட் மின்சாரம் எடுக்க, டைனமோவின் திறனையும் பெல்ட் இழப்பையும் சேர்த்தால், இரண்டு குதிரைத்திறனுக்கு மேல் போகும். 1 லிட்டர் இன்ஜினில் ஏ.சி.யும் போட்டிருந்தால் அரும்பார்த்தபுரம் மேம்பாலம் ஏறும்போதே காலுக்குத் தெரியும். பெல்ட் சீக்கிரம் தேயும். வயரும் பியூஸும் மாற்றாமல் டைனமோவை மட்டும் பெரிதாக்கினால் கம்பெனி பியூஸ் போகும், அல்லது வயர் சூடேறும். வயர் முதலில் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். வாரண்டியில் இருக்கும் வண்டியில் இதைத் தொடாதீர்கள்.

லித்தியம்

இரும்பு பாஸ்பேட் வகையில் நாலு செல் சேர்ந்து 12.8 வோல்ட், முழு சார்ஜில் ஓய்வாக 13.3 நிற்கும், பளு ஏறினாலும் 13ஐ ஒட்டியே இருக்கும். டைட்டனேட் வகையில் ஆறு செல் சேர்ந்து 13.8. லெட் ஆசிட் செய்ய முடியாததை, அதாவது வோல்ட்டேஜை மேலேயே பிடித்து வைப்பதை, இவை செய்யும். எடையும் குறைவு.

பிரச்சினை இரண்டு. பானட்டுக்குள் இருக்கும் சூட்டில் இவற்றை வைக்கக் கூடாது, டிக்கிதான். இரண்டாவது, உள்தடை மிகக் குறைவு என்பதால் காலியான லித்தியம் டைனமோவிலிருந்து கிடைப்பதையெல்லாம் ஒரேயடியாக இழுக்கும். ஐடிலிங்கில் டைனமோவின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், சூடேறி டயோடு போகும். நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் (கரண்டை அளவோடு கட்டுப்படுத்தி ஏற்றும் கருவி) போட்டால் தீரும், ஆனால் அது தனிச் செலவு. சோலாருக்கும் ஈ-ரிக்‌ஷாவுக்கும் செய்த பேக்கை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் அதன் பி.எம்.எஸ். (பேக்கைக் காக்கும் எலக்ட்ரானிக் போர்டு) 90 ஆம்பியர் இழுப்பில் கட் செய்துவிடும். நல்ல பேக், நல்ல சார்ஜர், தெரிந்த ஆள் மூன்றும் இருந்தால் மட்டும். இப்போதைக்கு ஆயிரத்தில் ஒருவருக்கான வழி என்பேன்.

ஒரே பார்வையில்

| வழி | தீர்ப்பது | தீர்க்காதது | சொல்லாமல் விடும் செலவு |
|---|---|---|---|
| வயர் மாற்றம் | ஆம்பில் வந்து சேரும்போது விழும் வோல்ட்டேஜ் | ஐடிலிங் பற்றாக்குறை | கிரிம்பிங், பியூஸ், வருடா வருடம் எர்த்தைக் கழற்றிச் சுத்தம் செய்வது |
| கெபாசிட்டர் | சின்ன ஆம்பின் லேசான மினுக்கல் | மற்ற எல்லாம் | விலைக்கேற்ற பயன் இல்லாதது |
| பெரிய பேட்டரி | 12.6க்குக் கீழே விழுவது | மினுக்கல் முழுதும் | வெயிலில் குறையும் ஆயுள் |
| இரண்டாவது பேட்டரி | நிறுத்திக் கேட்பது, செல்ஃப் எடுக்காதது | ஓடும்போது பற்றாக்குறை | ஐசலேட்டர், தட்டு, எடை, இடம் |
| பெரிய டைனமோ | ஓடும்போது பற்றாக்குறை | இன்ஜின் அணைத்த பிறகு எதுவும் | பெல்ட், மைலேஜ், வாரண்டி |
| லித்தியம் | வோல்ட்டேஜ் நிலையாக நிற்காதது | சின்ன டைனமோவின் வரவு | டி.சி.-டி.சி. சார்ஜர், உள்ளூரில் ஆள் இல்லாதது |

வில்லியனூரிலிருந்து கடலூர் சிப்காட்டுக்குத் தினமும் வேலைக்குப் போய்வரும் 400 வாட் வண்டிக்கு வயர் மட்டும் போதும், கெயினைச் சரிசெய்துகொள்ளுங்கள். 1000 வாட், வாரக் கடைசியில் ஈ.சி.ஆர். என்றால் வயர், அடுத்த பேட்டரி மாற்றத்தில் ஏ.ஜி.எம்., அதோடு நிறுத்தி ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். அதே 1000 வாட் ஊருக்குள்ளேயே ஏ.சி.யோடு ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டியில் என்றால், வயருக்குப் பிறகு ஐடிலிங்கில் நல்ல கரண்ட் தரும் டைனமோ. கிளாஸ் ஏபி ஆம்ப் வைத்திருப்பவர் அதை விற்றுவிட்டு கிளாஸ் டி வாங்கினால் உச்சத்தில் 30 ஆம்பியர் மிச்சம், ஒரு டைனமோ செலவே மிஞ்சும். இதை ஏன் யாரும் முதலில் சொல்வதில்லை என்று தெரியவில்லை.

இன்சூரன்ஸில் ஆம்ப், பேட்டரி இவற்றின் மதிப்பைத் தனியாகச் சொல்லிக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான் கிளெய்மில் சேரும். பி.ஒய். 01 ஆனாலும் டி.என். 31 ஆனாலும் இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிக்கான ஒலி வரம்பு 45 டெசிபல் என்பதையும், டிக்கியைத் திறந்துவைத்தால் அது நொடியில் தாண்டிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டார்ட்-ஸ்டாப், மைல்டு ஹைப்ரிட் வண்டிக்காரர்களுக்கு

மேலே சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் டைனமோவை ஈ.சி.யூ. ஓட்டுகிறது. வண்டி சீராக ஓடும்போது வோல்ட்டேஜை 12.5 போல இறக்கிவிடும், பிரேக் பிடிக்கும்போது 14.5க்கு மேல் ஏற்றும். மீட்டரில் 12.5 பார்த்துவிட்டு டைனமோ போய்விட்டது என்று கழற்றச் சொல்லாதீர்கள். வோல்ட்டேஜைப் பார்த்து இயங்கும் ஐசலேட்டர் ரிலே இங்கே குழம்பிவிடும், இரண்டாவது பேட்டரி வேண்டுமென்றால் டி.சி.-டி.சி. சார்ஜர்தான் ஒரே வழி. பேட்டரியின் மைனஸ் முனையில் சின்னப் பெட்டி மாதிரி ஒரு சென்சார் இருக்கும். ஆம்பின் எர்த்தை அந்த முனையிலேயே கொடுத்தால் ஆம்ப் இழுக்கும் கரண்ட் கணக்கில் வராது, ஈ.சி.யூ. பேட்டரி நிரம்பியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். எர்த்தை எப்போதும் பாடியில் கொடுங்கள், சென்சாரைத் தாண்டி. பேட்டரி மாற்றும்போது கம்பெனி எந்த வகை போட்டதோ அதையே, அல்லது அதற்கு மேலான வகையைப் போடுங்கள், ஈ.எஃப்.பி. (ஸ்டார்ட்-ஸ்டாப்புக்காகப் பலப்படுத்திய பேட்டரி) இருந்த இடத்தில் சாதாரண பேட்டரி போட்டால் ஒரு வருடம் தாங்குவதே கஷ்டம். ஐ.எஸ்.ஜி. (டைனமோவே இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் மோட்டாராகவும் வேலை செய்வது) இருக்கும் வண்டியில் அதைப் பெரிதாக்கும் பேச்சுக்கே இடமில்லை. வயரை மாற்றிவிட்டு, 500 வாட்டுக்குள் ஆம்பை அடக்கிக்கொள்ளுங்கள்.